அறிவித்தலில் நான் எழுதிய ஊர்

மச்சான்,

இன்று தமிழ்க் கடைக் கதவில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கருவாட்டு வாசமும் நனைந்த சப்பாத்துகளின் வாசமும் கலந்த அந்த வாசலில், உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் மரண அறிவித்தலை எவரும் கிழிக்கவில்லை. 'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்குகிறது. எழுதியவன் நான். ஊரை எழுதாதே என்று சத்தியம் வாங்கியவன் நீ. கதவைத் தள்ள, படத்திலிருந்த உன் முகத்திலேயே கை வைக்க வேண்டியிருந்தது. வெளியே மைனஸ் இருபது. அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி சூடாக இருந்தது.

நீ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக் கல்லூரியில் அமெரிக்காவின் ஆரம்பகால அரசியலைப் படிப்பித்தவன். நானோ கரவெட்டிப் பேரரசின் மொன்றியல் தூதுவன். தூது இல்லாத நேரங்களில் டாக்சி ஓட்டினேன். உறைந்த ஆற்றின் மேலாலே அக்கரை லொங்கேய்க்கு டாக்சி விட்டபோது நடுவழியில் ஒரு திமிங்கிலத்துக்கு இடம் கொடுத்தேன் என்று உன் மகளுக்குச் சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து அவளுக்கு நான் பொய் மாமா.

உனக்கிருந்த ஒரே விசர், ஊர்ச் சங்கங்களை ஒன்றாக்குவது. ஒரே கட்டிடத்தில் மேல்மாடியில் ஓர் ஊரின் பொங்கலும் கீழ்மாடியில் இன்னோர் ஊரின் பொங்கலும் நடந்த வருடம், எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினாய்.

"அமெரிக்காவிலையும் இப்பிடித்தான் தொடங்கினது," என்றாய். "பதின்மூண்டு துண்டு. 'என்ர நாடு' எண்டால் ஒருத்தனுக்கு வர்ஜீனியா, மற்றவனுக்கு மசாச்சுசெட்ஸ். அவையின்ர முதல் சபையிலை ஆளுக்கு வாக்கில்லை, துண்டுக்கு ஒரு வாக்கு. அவையே ஒண்டாகினவை. எங்களுக்கு என்ன கேடு?"

நான் எழும்பினேன். "அப்ப கரவெட்டிக்கு ரெண்டு வாக்கு வேணும். எங்கட கிணத்திலை இருந்துதான் இந்து சமுத்திரத்துக்கே தண்ணி போகுது!"

சபை குலுங்கிச் சிரித்தது. சிரித்த வாயோடு மற்ற ஊர்களும் இரண்டிரண்டு கேட்டன. தேநீர் ஆறுவதற்குள் உன் ஒன்றியம் கலைந்துபோனது.

பியர்பொன்ட்ஸில் உன் வீடு வரைக்கும் டாக்சியில் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது கையை நீட்டினாய். "நான் செத்தா நோட்டீசிலை ஊர் போடாதை. தமிழன் எண்டு போடு, காணும். சத்தியம் பண்ணு."

"அந்த வர்ஜீனியாக்காரனைப் போலயோ?" என்று நக்கலடித்தேன். நீ சொன்ன கதைதான். முதல் சபையில் எழுந்து, தான் இனி வர்ஜீனியன் இல்லை, அமெரிக்கன் என்று முழங்கியவன், எல்லாரையும் ஒன்றாய்க் கட்டும் அரசியலமைப்பு வந்தபோது அது வர்ஜீனியாவை விழுங்கிவிடும் என்று முதல் ஆளாய் எதிர்த்தான்.

"நான் அவனில்லை மச்சான்," என்றாய். உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பிற்பகல். நீ பேச்சிழந்து இரண்டு நாள். ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலையணையைச் சரி செய்த தாதி, எங்கிருந்து வந்தவர் நீங்கள் என்று சும்மா பிரெஞ்சில் கேட்டுவிட்டு அப்பால் போனாள். கண் மூடியபடி நீ தமிழில் பதில் சொன்னாய்.

"அளவெட்டி... சந்தியிலை இறங்கி... வைரவர் கோயிலடியாலை... வேலியோரமா வா, மதகு உடைஞ்சு கிடக்கு..."

போர்வைக்குள் உன் கால்கள் அசைந்தன. முதலில் மெதுவாக. பிறகு வீடு தெரிந்துவிட்டவனின் வேகத்தில். சட்டென்று நின்றன.

"நாய் கட்டியிருக்கோ?" என்றாய்.

எனக்கு எதற்கும் ஒரு பொய் கைவசம் இருக்குமே. "கட்டியிருக்கு. நீ போ," என்றேன்.

சிரித்தாய். அதற்குப் பிறகு மூச்சில்லை.

கால்களை நேராக்கப் போர்வையை விலக்கினேன். மச்சான், திமிங்கிலம் பொய், இது பொய்யில்லை. உன் உள்ளங்கால்களில், விரலிடுக்குகளில், செம்பாட்டு மண். ஈரம்கூடக் காயவில்லை. உன் மகள் வருவதற்குள் என் கைலேஞ்சியால் துடைத்தேன்.

அவள் அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "மாமா, நோட்டீசுக்குப் பிறப்பிடம் கேக்கினம். அப்பா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியுமோ? பொய் சொல்லாதேங்கோ, தயவுசெய்து, சில் வூ ப்ளே."

சத்தியம் வாங்கியவனும் நீ, ஊருக்கு நடந்து போனவனும் நீ. இருவரில் எவனுக்கு நான் நண்பன்? லேஞ்சி என் கைக்குள் ஈரமாக இருந்தது. அளவெட்டி என்றேன். அவள் அந்தப் பெயரை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், வாய்க்குப் புதிதான ஒரு பண்டத்தைப் போல.

சத்தியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். திரும்பவும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என்னைத் தூங்கவிடாதது வேறு. உன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை நான் ஒருநாளும் கண்டதில்லை. உன் வீட்டு வாசல் படலைக்குப் பின்னால் என்ன நின்றதென்று எனக்குத் தெரியாது. நாய் கட்டியிருக்கு என்று சொல்லி உன்னை உள்ளே விட்டவன் நான்.