கோம்பையடிச் சோதனைச்சாவடியில் நிற்கும் காபிப் பழக் கைப்பொறி

அனுப்புநர்:
பெ. சித்ராதேவி, க/பெ. பெருமாள்சாமி,
ஈச்சம்பாறை மலைக்குடியிருப்பு,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பூர்.

பொருள்: காபிப் பழத்தின் தோல் நீக்கும் கைப்பொறியை மலைக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கவும், வனக்காவலர் திரு. சோணைமுத்து மீதான குறிப்பாணையை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மாவட்டத்தைப் பனியனை வைத்தே எல்லோரும் அறிவார்கள். அதன் தெற்கு எல்லையில், ஆனைமலைத் தொடரின் மேல் இருக்கும் எங்கள் ஊரில் முப்பத்தொரு குடும்பங்கள் மர நிழலில் காபியும் மிளகும் வளர்த்துப் பிழைக்கிறோம். சாலை கிடையாது. அடிவாரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் காட்டுப்பாதை. மின்சாரமும் இல்லை.

நானும் என் கணவரும் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் வேலை செய்தோம். நான் செக்கிங், அவர் அயர்னிங். மாமனார் இறந்தபின் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாததால் ஊர் திரும்பினோம்.

காபிப் பழத்தைப் பறித்த ஒரு நாளுக்குள் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் நல்ல விலை கிடைக்கும். பழமாகவே காயப்போட்டால் மூன்று வாரம் ஆகும். எங்கள் மலை மூடுபனியில் அதற்குள் பூசணம் பிடித்துவிடும். ஆகவே எங்கள் மகளிர் குழு ஒரு கைப்பொறி வாங்கியது. கைப்பிடியைச் சுற்றினால் ஓடும். என்ஜின், மோட்டார் எதுவும் இல்லை.

04.12.2024 அன்று அது அடிவாரத்தில் உள்ள வனத்துறையின் கோம்பையடிச் சோதனைச்சாவடிக்கு வந்தது. வாகனச் சீட்டில் ‘இயந்திரம்’ என்று எழுதியிருந்ததால், காட்டுக்குள் இயந்திரம் போகக்கூடாது என்று அங்கேயே நிறுத்தப்பட்டது. என்ஜின் இல்லை என்று வேளாண் அலுவலகத்தில் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். அங்கே போனபோது, காபி தங்கள் துறையில் வராது என்றார்கள். இவ்வாறு மூன்று முறை மலையிறங்கி ஏறினேன். பழம் மரத்திலேயே கறுத்தது. ஐந்து குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டன.

மூன்றாம் முறை என்னுடன் வந்த குழுத் தலைவி சின்னாத்தாள் அவர்கள், சாவடியில் இருந்த காவலர் சோணைமுத்துவிடம் கேட்டார்: “ஏனுங்க, மிசினு மேல வரக்கூடாது, சரிங்க. பழம் கீழ வரலாமுங்களா?”

அவர், “பழம் வரக்கூடாதுன்னு ஆர்டர் ஒண்ணும் இல்லையேக்கா” என்றார்.

06.01.2025 அன்று பன்னிரண்டு பெண்கள், முந்தைய நாள் மாலை பறித்த பழத்தைத் தலைச்சுமையாக இறக்கினோம். கைப்பொறியைச் சாவடிக்கு வெளியே சாலையோரத்தில் வைத்துச் சுற்றினோம். தண்ணீர் போதவில்லை. காவலர் தமக்கு வைத்திருந்த டிரம்மைத் திறந்துவிட்டார். சின்னாத்தாள் மூச்சு வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்து, “தள்ளுங்கக்கா, நான் சுத்துறேன்” என்று கால்மணி நேரம் அவரே சுற்றினார். அன்று நாங்கள் சிரித்துக்கொண்டே மலையேறினோம். ஈரக் கொட்டையை எங்கள் ஓடையில் கழுவிக் காயவைத்தோம். இந்தப் பருவத்தில் பூசணம் பிடிக்காத சரக்கு அது ஒன்றுதான்.

அவ்வழியே வந்த யாரோ, காவலர் பொறியைச் சுற்றியதைப் படம் எடுத்து வனத்துறை மேலதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணி நேரத்தில் தனியார் வேலை செய்ததாக, விளக்கம் கேட்டு 09.01.2025 அன்று அவருக்குக் குறிப்பாணை கொடுக்கப்பட்டுள்ளது. இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மாற்று ஆளாக வந்த காவலர் சொல்லித்தான் தெரியும். எங்களிடம் அவர் ஒரு பிடி பழம்கூட வாங்கியதில்லை என்பதை எங்கள் குலதெய்வத்தின் பேரில் எழுதித் தருகிறோம்.

எனவே ஐயா அவர்கள்,

1. கைப்பொறியை நேரில் பார்க்கச் செய்து, மலைக்கு எடுத்துச் செல்ல அனுமதி பெற்றுத் தரவும். தூக்கிச் செல்ல எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்.

2. திரு. சோணைமுத்து மீதான குறிப்பாணையை ரத்து செய்ய ஆவன செய்யவும்

தங்களை வேண்டுகிறோம்.

இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால், இரண்டாவதை முதலில் செய்து தாருங்கள். பழம் அடுத்த வருடமும் பழுக்கும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: திருப்பூர்
நாள்: 20.01.2025

(ஒப்பம்) பெ. சித்ராதேவி
(இடது பெருவிரல் ரேகை) சின்னாத்தாள், மற்றும் குழு உறுப்பினர்கள் பத்துப் பேர்