அரைப்பேர்

வண்டூர், போர்ட் பிளேயர் வழி
3-11-2025

மகன் முருகானந்தத்துக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மாவை அரை ஆள் என்று எழுதிவிட்டார்கள். அவளை மட்டுமல்ல, நம் வரிசை வீட்டுப் பெண்கள் ஒன்பது பேரையும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இந்த அநியாயத்தை முதலில் படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய். போன் என் கைக்கு வந்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு முறை சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

விஷயம் நண்டுக் குளம். சுனாமியில் தாழ்ந்துபோன வயல்களில் இருபது வருஷமாக உப்புத்தண்ணீர் ஏறி இறங்குவதைப் பதின்மூன்று வயதிலிருந்து பார்த்தவன் நீ. நெல்லும் இல்லை, மாடு கடிக்கப் புல்லும் இல்லை. போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அந்த உப்பு வயலிலேயே மூங்கில் வேலி அடைத்து, மெலிந்த சேற்று நண்டை விட்டு, மீன் கழிவு போட்டுக் கொழுக்க வைத்து விற்கலாம் என்றார்கள். வயல் வங்காளிகளுடையது. அதே சுனாமியில் கச்சால் தீவிலிருந்து கட்டிய துணியோடு வந்த நமக்கு ஏது வயல்? நிலம் அவர்களுடையது, உழைப்பு இரண்டு பக்கமும், குழு ஒன்றே என்று பேச்சு. வங்காளிப் பெண்கள் எட்டு, நம்மவர்கள் ஒன்பது.

நான் வேண்டாம் என்றேன். நிலக்காரர்களில் பெரிய கை நிதாய் மண்டல். கடல் ஏறின வருஷம் நிவாரணப் பட்டியல் எழுதும்போது ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு "யே லோக் தோ கல் ஆயே", இவர்கள் நேற்று வந்தவர்கள் என்று சொன்ன அதே ஆள். ஆளையும் வீட்டையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான். நம் பெயர் பட்டியலில் ஏறவில்லை. அதை நான் மறக்கவில்லை. நீ மறந்தாய். அவன் டூரிஸ்ட் படகில் எஞ்சின் பார்க்கப் போனாய். நான் ஜெட்டிக்கு வந்து பத்துப் பேர் பார்க்க உன்னை இறக்கிக் கூட்டிவந்தேன். அந்த மாதமே நீ மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினாய். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

உன் அம்மா என் பேச்சைக் கேட்கவில்லை. "நீங்க கோவத்தையே தின்னுக்கிட்டு இருங்க, நான் சோத்துக்கு வழி பாக்குறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கிவிட்டாள். ஆபரேஷன் செய்த கண் நன்றாகவே இருக்கிறது. நண்டு கொடுக்கை விரிப்பதற்குள் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறாள். மண்டலின் மனைவி கல்யாணிக்கும் அவள்தான் கட்டப் பழக்கினாள். பதிலுக்கு கல்யாணி கடுகு அரைத்து மீன் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நம் வீட்டில் கடுகு நெடி. நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வாரம் சமுதாயக் கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். எட்டு வங்காளிப் பெயர்களுக்கு எதிரே "பூரா" என்று இந்தியில் எழுதியிருந்தது, முழு உறுப்பினர். நம் ஒன்பது பெயர்களுக்கு எதிரே "ஆதா", பாதி. முழு உறுப்பினருக்குத்தான் கூட்டத்தில் கை தூக்க உரிமை. பாதி உறுப்பினர் சேற்றில் இறங்கலாம், பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். நண்டை எப்போது பிடிப்பது, யாருக்கு விற்பது, அடுத்த வேலி எங்கே என்று எதிலும் வாய் திறக்கக் கூடாது. டிசம்பர் முப்பதாம் தேதி பட்டியல் முடிவாகும். பிறகு மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது.

எனக்கு இந்தி படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. கச்சால் ஜெட்டியில் கப்பல் நேரம் எழுதும் பலகையைப் பார்த்துப் பார்த்து நானே படித்தது. ஒன்பது ஆதாவையும் நானே உரக்க வாசித்தேன். பிறகு மண்டலைப் பார்த்து "சோர்" என்றேன். திருடன். அன்றைக்கு எங்களை ஆளே இல்லை என்றாய், இன்றைக்குப் பாதி ஆள் என்கிறாய் என்று கேட்டேன். அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குற்றம் இல்லாதவன் பேசியிருப்பான்.

மறுநாளிலிருந்து நம் பெண்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐந்து நாளாக யாரும் இறங்கவில்லை. பட்டினி போட்டால் நண்டு ஒன்றையொன்று தின்றுவிடும் என்று உன் அம்மா புலம்புகிறாள். தின்னட்டும்.

8-11-2025

மேலே உள்ளதை எழுதி ஒட்டியும் வைத்துவிட்டேன். மழையில் ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. கடிதம் பெட்டிக்குப் போகவில்லை. இப்போது பிரித்து மேலே எழுதுகிறேன். முன்னால் எழுதியதில் ஒரு வரியையும் அடிக்கமாட்டேன். எழுதிய அன்று அது எனக்கு உண்மை.

நேற்று நிறுவனத்துப் பெண் சௌமியா வந்தாள். போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம். செப்டம்பரில் குளத்துக்கு வந்து பெயர் எழுதிப்போனவளும் இவள்தான். பெயர் எழுதின விண்ணப்பப் பாரங்களைக் கூடத்துத் தரையில் பரப்பி, உன் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாட்டி, அரை நாள்தான் வேலைக்கு வருவேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "நானா? அன்னைக்கு மழ ஊத்திச்சு. மத்தியானத்தோட கரையேறிட்டம். அதான் அரைப்பேருன்னு சொன்னேன். செய்யாத வேலைக்கு முழுப்பேரு போடச் சொல்லுவேனா? என்னைய என்னான்னு நெனச்ச நீயி?" என்றாள்.

சௌமியா விழித்தாள். அவள் விழிப்பாள், உனக்குப் புரிந்திருக்கும். சிலோன் தேயிலை மலையிலும் சரி, கச்சால் ரப்பர் தோட்டத்திலும் சரி, பேர் என்றால் நமக்கு ஒரு நாள் வேலை. பொழுது சாயும்வரை நின்றால் முழுப்பேர். மழையோ காய்ச்சலோ வந்து பாதியில் இறங்கினால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். பாரத்தில் வேலாயி என்று மட்டும் இருந்ததால், சௌமியா வரப்பில் நின்றபடி "பூரா நாம் போலோ" என்று கேட்டிருக்கிறாள். முழுப் பெயரைச் சொல் என்று அர்த்தம். வங்காளிப் பெண்களும் இருந்ததால் எல்லோருக்கும் பொதுவாக இந்தி. உன் அம்மா அதை இன்றைக்கு முழுப்பேரா என்று எடுத்துக்கொண்டு, "பூரா நஹி, ஆதா" என்றிருக்கிறாள். பாரத்தில் அடுத்த கட்டம் முழு நேரமா அரை நேரமா என்பது. சௌமியா அதில் ஆதா என்று குறித்துவிட்டாள். அரை நேரம் வருகிறவர் பாதி உறுப்பினர் என்பது நிறுவனத்து விதி. இரண்டு தமிழச்சிகள் இந்தியில் பேசிக்கொண்டதால் வந்த வினை.

விஷயத்தை இந்தியில் விளக்கியதும் கல்யாணி சிரித்த சிரிப்பில் கூடத்துத் தகரம் அதிர்ந்தது. சௌமியா சிரிக்கவில்லை. ஒருத்தர் தப்பாகப் புரிந்துகொண்டார் சரி, ஒன்பது பேருமா என்று கேட்டாள். நம் எதிர்வீட்டு சொர்ணம்மாவுக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. "எங்களுக்கு என்னா தெரியும்? வரப்புல நின்னுக்கிட்டு ஐயாவு அண்ணன்தான் சத்தம் போட்டாரு, மழ நாளு, எல்லாத்துக்கும் ஆதா லிகோன்னு" என்றாள்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், சொன்னேன். மற்ற எட்டுப் பேரையும் பாதியாக எழுத வைத்தது என் வாய்தான். நடந்ததை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு உட்காரவும் இல்லை. எழுந்து நின்று கேட்டேன். சரி, இவர்களை முழு நேரம் என்று திருத்து. சொர்ணம்மாவை என்ன செய்வாய்? கடல் ஏறின அன்று இடுப்பு ஒடிந்தவள். மத்தியானத்துக்கு மேல் அவளால் நிற்க முடியாது. அவள் உண்மையாகவே அரை நாள்தான் வருகிறாள். வங்காளிப் பக்கத்திலும் ஒருத்தி, படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை வைத்துக்கொண்டு, முழு நேரம் என்று பயந்து எழுதிக்கொடுத்திருக்கிறாள். வேலை அரை நாள் என்றால் வாயும் அரையா? தோட்டத்துத் துரைகூட அரைப்பேர்தான் போட்டான், அரை மனுஷி என்று எழுதவில்லை.

விதி அப்படி தாத்தா என்றாள் சௌமியா. விதி எழுதியவர்கள் எந்தச் சேற்றில் இறங்கினார்கள் என்று கேட்டேன்.

அப்போது கல்யாணி எழுந்தாள். அவள் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இந்த தாதா கத்துவதில் முக்கால்வாசி வெறும் சத்தம். இது சத்தமில்லை. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடு. முடியாதென்றால் எங்கள் எட்டுப் பேருக்கும் ஆதா என்று எழுதிக்கொள். கை தூக்க ஒருத்திகூட இல்லாத குழுவை வைத்துக்கொண்டு உன் ஆபீஸே வந்து நண்டு வளர்க்கட்டும்." தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. அந்த நாட்களில் வங்காளிப் பெண்களும் குளத்தில் இறங்கவில்லை. வேலாயி தீதி, அவர்கள் பேச்சில் அக்கா, வராமல் நாங்களும் இறங்கமாட்டோம் என்று இருந்திருக்கிறார்கள். நண்டுக்கு இரை போட்டது மண்டல். நான் திருடன் என்று சொன்ன மறுநாளிலிருந்து, என்னைவிட மூன்று வயது மூத்த மனிதர், முழங்கால் வலியோடு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் மீன் கழிவு வாளியுமாகத் தினம் இரண்டு வேளை போயிருக்கிறார். ஒரு நண்டு சாகவில்லை என்று உன் அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அங்கேயே மனு எழுதினோம். நான் தமிழில் சொன்னேன், சௌமியா இந்தியில் எழுதினாள், கல்யாணி வரிக்கு வரி திருத்தினாள். பதினேழு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாயிற்று. நிலக்காரர் கையெழுத்து பாக்கி. மண்டல் கூட்டத்துக்கு வரவில்லை. ஆள் அனுப்பினோம். தாதா என் வீட்டுக்கு வந்து ஒரு சாயா குடிக்கட்டும், பிறகு போடுகிறேன் என்று பதில் வந்தது. உன் அம்மா அதைக் கேட்டதும், என்னைக் கேட்காமலே, எல்லோரையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள்.

இனி ஆக வேண்டிய காரியங்களை எழுதுகிறேன்.

சௌமியா மனுவைத் தானே எடுத்துப்போய், டிசம்பர் இருபதுக்குள் அவள் ஆபீஸில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது கொண்டுவர வேண்டும். அடுத்த முறை தமிழரிடம் தமிழில் கேட்க வேண்டும். அவளிடமே சொல்லிவிட்டேன்.

மாமியாரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம், உண்மையை எழுதினால் ஒன்றும் ஆகாது என்று கல்யாணி எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பயந்துவிடுவாள். கொடுக்குக் கட்டும் வேலையைக் கரையில் உட்கார்ந்து செய்ய சொர்ணம்மாவுக்கு ஒதுக்க வேண்டியது உன் அம்மா.

நாளைக் காலையில் நான் மண்டல் வீட்டுக்குப் போக வேண்டும். சாயா குடிக்க வேண்டும். கூடத்தில் சொன்ன சொல்லை அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியல் விஷயத்துக்கு மட்டும். பழைய பட்டியலைப் பற்றி அவர்தான் பேச வேண்டும். பேசினால் கேட்பேன்.

மனுவோடு எல்லோருடைய ஆதார் அட்டையும் காட்ட வேண்டும். உன் அம்மாவுடையது உன்னிடம் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு அங்கே வந்தபோது வாங்கி வைத்தவன் திருப்பித் தரவில்லை. போனில் ஒரு படம் அனுப்பினால் போதும் தாத்தா, நான் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன் என்று சௌமியா சொல்கிறாள். போதாது. படத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தபாலிலும் போடாதே, தொலைந்துவிடும். கூரியரும் வேண்டாம். யார் வந்தாலும் கொடுத்தனுப்பாதே. நீ கையில் கொண்டுவர வேண்டும். டிசம்பர் முதல் வாரக் கப்பலுக்கு இப்போதே சொல்லிவைத்தால்தான் டிக்கெட் கிடைக்கும். திரும்பிப் போகிற டிக்கெட்டைச் சேர்த்து எடுக்காதே, தேதி மாறினால் வீண். இங்கே வந்தபின் நீ எந்தப் படகில் எஞ்சின் பார்த்தாலும் நான் ஜெட்டிப் பக்கம் வரமாட்டேன்.

ராணிக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். மருமகளை நாலைந்து எலுமிச்சம்பழம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல். மூன்று நாள்தானே. சிலோனில் அந்தோனியார் மலைத் தோட்டத்தில் நாங்கள் கும்பிட்ட முருகன் இங்கேயும் இருக்கிறான், உங்கள் இருவரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பான்.

உன் அப்பா
ஐயாவு