முட்டியைத் தைத்துக்கொள்ளலாமாம்

ஊபர்பாக்,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புள்ள கொர்பினியனுக்கு, வால்புர்கா எழுதுவது.

சிலியில் நீங்கள் பயிற்சி தரும் அணிக்கு நல்ல பனி கிடைத்திருக்கிறதாம், சந்தோஷம். இங்கே மாடுகள் மலை மேய்ச்சலில் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான். மீதியை வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

நேற்று நம் மகள் ரொஸ்விதாவைப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனால், பயிற்சியாளர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி ஸெவெரினும் கூட்டாளிகளும் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு தழும்பு. முதல் முட்டி ஆபரேஷன் முடிந்தவருக்கு மணியடித்துச் சாராயம் ஊற்றும் அந்தக் கேடுகெட்ட வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பதினாறு வயசுப் பெண்ணுக்கு மணியடித்தார்கள். "இப்பதான்டி நீ நம்ம ஆளு!" என்று ஒரே கைதட்டல். ஒருவர் அவள் தழும்பைக் குனிந்து பார்த்து, "என்னோடது இதைவிட நீளம்" என்று பீற்றிக்கொண்டார்.

இன்ஸ்புரூக்கில் அவள் முட்டி தேறப் பயிற்சி கொடுக்கும் ஹெட்விக் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: "ஒத்தக் கால்ல குதிச்சு இறங்குறப்ப முட்டி இன்னும் உள்பக்கமா மடியுது. அது நேரா நிக்கிற வரைக்கும் பனிப் பக்கமே விடாதீங்க." பெண்ணும் ஒழுங்காகத்தான் செய்கிறாள். ஆடும் பலகைமேல் ஒற்றைக் காலில் நின்றபடியே பல் தேய்க்கிறாள். உங்கள் தம்பிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "என்ன அண்ணி, வீட்டுல சர்க்கஸா? தொடைத் தசையை ஏத்துனா எல்லாம் சரியாயிடும்." அவர் ஏற்றுவதெல்லாம் முன்தொடையைத்தான். பின்தொடை துவண்டு கிடக்கிறது, அதைக் கேட்பாரில்லை.

இன்று காலை நிலவறைக்குப் போனேன். அக்டோபரில் பனியாற்றுப் பயிற்சிக்கு அவளைக் கூட்டிப்போக, காலணியைச் சறுக்குக் கட்டையோடு பிடிக்கும் பூட்டை உங்கள் தம்பி திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். மார்ச்சிலும் இப்படி இறுக்கியதால்தானே விழுந்தபோது கட்டை கழலாமல் முட்டி முறுக்கிக்கொண்டு தசைநார் கிழிந்தது என்று கேட்டேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டை கழண்டா ரேஸ் போச்சு அண்ணி. முட்டி போனா தைச்சுக்கலாம்."

சொந்த அண்ணன் மகளைப் பற்றி! கிழிந்த சாக்கைச் சொல்வதுபோல. திருப்புளியைப் பிடுங்கிச் சாணக்குழியில் வீசிவிட்டேன். வேண்டுமானால் இறங்கி எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்கு நம் பெண் சித்தப்பா பக்கம் நின்று என்மேல் பாய்ந்தாள். அக்டோபரில் போயே தீருவாளாம். மாடிப்படி இறங்கும்போது பல்லைக் கடிக்கிறாயே, அப்படி என்னடி அவசரம் என்று மதியம் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் ரேஸ் ஓடலேன்னா அப்பா என்கிட்ட எதைப் பத்திம்மா பேசுவாரு?"

நீங்கள் அவளோடு தொலைபேசியில் பேசியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நேரம், மெழுகு, வளைவு, எடை. வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்கள் தம்பிமேல் இருந்த அருவருப்பில் பாதி அப்போது உங்கள்மேல் திரும்பியது. மறைக்க மாட்டேன்.

அங்கே உங்களை நம்பி வந்திருக்கும் பிள்ளைகளின் கால்களை ஆண்டவர் காக்கட்டும். இவளை நீங்கள் காப்பாற்றுங்கள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். பனியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள், ஆனால் தொலைபேசியை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
வால்புர்கா