மாடிப்படியும் முத்தம்மாளும்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
9.6.2024

அன்புள்ள முத்துவுக்கு,

நான் நலம். சாப்பாடுதான் நலமில்லை. போனில் பேசினால் நம் மகள் சத்யப்பிரியா ஸ்பீக்கரில் போடுகிறாள். மருமகன் வரைக்கும் கேட்கிறார். அதனால்தான் தபால்.

நீ குளியலறையில் விழுந்தது இது இரண்டாம் முறை. எலும்பு தப்பியது பெரிய ஆறுதல். ஆனால் உன்னைக் கடலூருக்குக் கூட்டிப்போன சத்யா, "இனிமே அம்மாவ மாடி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்பா, நீங்களும் கடலூருக்கே வந்துடுங்க" என்றதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கீழ்ப்பாகம் என் தம்பிக்கு, மேல்பாகம் நமக்கு என்று பிரித்த வீடு. படி ஏறாமல் நீ இங்கே வாழ வழியில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் கவிநிலாவைக் கேட்டேன். வயிறு, முதுகு, இடுப்புச் சதைகள் தளர்ந்துவிட்டன என்கிறாள். பந்தல் காலை நாலு பக்கமும் கயிறு இழுத்து நிறுத்துகிறதல்லவா, அதுபோல நம்மை நிமிர்த்துவது இந்தச் சதைகள்தான். கயிறு தொய்ந்தால் கால் என்ன செய்யும்?

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திரு. சமையல் மேடை அருகே ஒற்றைக் காலில் நில். மூச்சை அடக்காதே. வலித்தால் விட்டுவிடு.

உன்,
தட்சிணாமூர்த்தி


கடலூர்
19.6.2024

வாத்தியார் ஐயாவுக்கு, முத்தம்மாள் எழுதுவது.

பென்ஷன் வாங்கிய பிறகும் வீட்டுப்பாடம் கொடுக்கிறீர்களே! இடுப்பைத் தூக்கியபோது மருமகன் உள்ளே வந்துவிட்டார். போர்வையை இழுத்து மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். ஒற்றைக் காலில் கொக்குபோல் நின்றால் சத்யா, "என்னம்மா, மீனு வருதா?" என்கிறாள்.

ஆனால் முன்னேற்றம் இல்லை. அவள் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்தால் நிற்கிறேன். விட்டால் சாய்கிறேன். என்னால் ஆகாதோ என்று பயமாக இருக்கிறது. நீங்களே இங்கே வந்துவிடுங்கள்.

முத்து


ரெட்டியார்பாளையம்
24.6.2024

அன்புள்ள முத்து,

உன் கடிதத்தைக் கவிநிலாவிடம் படித்துக் காட்டினேன். கொக்கு கதையை விட்டுவிட்டேன். "புடிச்சிக்கினே இருந்தா ஒடம்பு எப்புடி சார் கத்துக்கும்?" என்று சிரித்தாள். சத்யா பக்கத்தில் நிற்கட்டும், தொட வேண்டாம். தடுமாறினால் மேடையை நீயே பிடித்துக்கொள். தடுமாறி நிமிர்வதுதான் பயிற்சியாம்.

கடலூருக்கு வருவதைப் பற்றி இப்போது முடிவு செய்ய வேண்டாம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், முத்து.

உன்,
தட்சிணாமூர்த்தி


கடலூர்
12.7.2024

என் அன்புக்குரியவருக்கு,

நேற்று நின்றபடியே பாவாடை கட்டினேன், சுவரில் சாயாமல். சத்யாவின் ஃப்ளாட் படிகளில் பால் பாக்கெட்டோடு ஏறி வந்தேன். கதவைத் திறந்தவள் திட்டினாள், அப்புறம் அழுதாள். "சரி, போ. ஆனா தெனமும் போன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டாள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். முதல் தடவை விழுந்ததிலிருந்து கோலம் போட நீங்கள் என்னைக் குனிய விடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடவில்லை. படிக்குப் படி என் கையைப் பிடித்தீர்கள். அன்புதான், தெரியும். அந்தக் கையிலேயே என் பலமெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. சத்யா கையை எடுத்த அன்றுதான் எனக்கு அது புரிந்தது.

21-ஆம் தேதி, ஞாயிறு காலை பஸ்ஸில் தனியாக வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள். படிக்குக் கீழேயும் நிற்காதீர்கள். நீங்கள் கையை நீட்டினால் பழக்கத்தில் பிடித்துவிடுவேன்.

முத்து


ரெட்டியார்பாளையம்
15.7.2024

முத்து,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோலமாவு டப்பாவை உன் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று மாடியில் கதவைத் திறந்து வைத்து நிற்பேன். கீழே இறங்க மாட்டேன். என் கை சும்மா இருக்காது என்பது உனக்கே தெரியும். அதனால் ஒரு கையில் சோற்றுப் பானையும் மறு கையில் குழம்புச் சட்டியும் பிடித்திருப்பேன்.

சூடாக இருக்கும். மெதுவாகவே ஏறி வா.

உன்,
தட்சிணாமூர்த்தி