செத்த ராணியின் வேஷம்

அன்புள்ள என் கணவருக்கு,

கல்வராயன் மலையில் மழை விடவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் எலிசபெத் காலத்து நாடகம் நடத்தினேன். ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள் என்றதும், "நம்ம கூத்து மாதிரிதான் டீச்சர்" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நடித்தே பார்க்கலாம் என்றேன். செத்த ராணியாகப் படுக்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை. நானே படுத்தேன்.

காட்சி முடிந்து எழப்போனபோது குப்பாயி என்ற மாணவி பதறினாள். "எழுந்திரிக்காதீங்க டீச்சர்! செத்த வேஷம் கட்டனவங்கள பேர் சொல்லிக் கூப்புடணும். இல்லன்னா முழுசா திரும்பி வரமாட்டாங்க."

"சரி, கூப்பிடு."

"டீச்சர் பேரச் சொல்றதா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டேன்.

அதிலிருந்து கச்சிராயபாளையம் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்பதில்லை. வீட்டுக்கார அம்மா என்னை உள்ளே வைத்தே கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார். நேற்று வகுப்பில், "டீச்சர் ஏன் வரல?" என்று குப்பாயி கேட்டாள். நான் கரும்பலகை பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கோபத்தை விட்டுவிட்டு ஒரு தடவை வாருங்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் போதும். வழக்கம்போல 'இந்தா' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அதை இங்கே எழுதிவிடத்தான் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி