தோட்டில் விழுந்த ள்

ஜனவரி 4, ஞாயிறு

ஓவனுக்குள் இருந்த அப்பளக் கட்டுகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அம்மாவுக்கு ஏதோ குலுக்கலில் விழுந்த ஓவன். மூன்று வருஷமாக அப்பளமும் வடகமும்தான் அதில் குடியிருந்தன. இப்போது ஞாயிறு காலைகளில் என் தோடுகள் வேகின்றன.

ஷ்ரிங்க் ஷீட் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பால்நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். அதில் வரைந்து, வண்ணப் பென்சில் தீட்டி, கத்தரித்துச் சூட்டில் வைத்தால் பாதிக்கும் கீழே சுருங்கிக் கெட்டியாகிவிடும். விரல் நீள இலை நகமளவு ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு நிமிஷம் இருக்கிறதே — தாள் முறுக்கிக்கொண்டு, தன்னையே கட்டிப்பிடித்து, போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றும். அப்போது கதவைத் திறக்கக் கூடாது. விட்டுவிட்டால் அதுவாகவே சோம்பல் முறித்து நேராகப் படுத்துக்கொள்ளும். இன்று பதினோரு முறை பார்த்தேன். பதினோரு முறையும் மூச்சுவிட மறந்தேன்.

மைனி பக்கத்திலேயே நின்றாள். மாரீஸ்வரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து செம்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

"எங்க ஊர்ல அப்பளம் சட்டில போட்டா பெருசாவும். ஒன் அப்பளம் சிறுசால்லா ஆவுது மயிலு" என்றாள்.

சிரித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. அப்பளத்திலிருந்து அவள் சித்திக்குப் போனாள், சித்தியின் கால்வலிக்குப் போனாள், தென்காசி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவளின் குணத்துக்குப் போனாள். பதினோரு தோடும் வெந்து ஆறும்வரை ஓயவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

நான்கு தோட்டில் துளை போட மறந்திருக்கிறேன். சுருங்குவதற்கு முன்னால் போட வேண்டிய துளை. இப்போது கல் மாதிரி இருக்கிறது. காதில் மாட்ட முடியாத தோட்டுக்கு என்ன பெயர்? பொத்தான்.

ஜனவரி 9, வெள்ளி

விக்ரோலி ஆபீஸில் என் பக்கத்து மேஜை மானசா, நான் கொடுத்த பச்சை இலைத் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். "கித்னா ஃபைன் டிசைன் ஹை யார்", எவ்வளவு நுணுக்கம் என்று இலையின் நரம்புகளைத் தடவிக் காட்டினாள்.

அவை நரம்புகள் இல்லை. எழுத்து. 'மேனேஜர் ஒரு கொட்டாவி விட்டால் மூன்று பேருக்குத் தொற்றும்' என்று மெல்லிய பேனாவால் எழுதி, சுருக்கி, வார்னிஷ் பூசியது. அதைக் காதில் ஆட்டிக்கொண்டு அந்த மேனேஜருக்கு எதிரிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் மூன்று முறை வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இது யாருக்கும் தெரியாது. டிசம்பரிலிருந்து நான் செய்யும் எல்லாத் தோட்டிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாத வாக்கியங்கள். என்னிடம் பூட்டு போட்ட அலமாரி கிடையாது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அறையும் கிடையாது, ஹாலில்தான் படுக்கை. தமிழ்தான் என் பூட்டு. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் எதையும் வாசிப்பதில்லை. அண்ணன் தன் பெயரைத் தாண்டி வாசிக்க மாட்டான். மாட்டுங்காவில் ஞாயிறு வகுப்புக்கு இருவரும்தான் போனோம், அவன் வாசலிலேயே கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டான். நான் மட்டும் உள்ளே போய், கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து இப்படி ஆனேன்.

மைனி மட்டும் விலக்கு. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள். அதனால் இந்த நோட்டு ஆபீஸ் பையை விட்டு வெளியே வருவதில்லை. தோட்டைப் பற்றிப் பயமில்லை. எழுத்து எள்ளைவிடச் சிறிதாகிவிடுகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் நான்கு பக்கம் வாசிக்க இரண்டு மணி நேரம். மைனி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பேசினாள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அட்டையைப் பார்த்துப் பேசினாள்.

கோபத்தில் ஒரு ஜோடி செய்தேன். இடது தோட்டில் 'மைனி ஓய்ந்தால்.' வலது தோட்டில் 'செம்பூரே தூங்கும்.' நீர்த்துளி வடிவம், வாடாமல்லி நிறம், விளிம்பில் மட்டும் பொன்பொடி. எழுத்துகள் கொடி போல ஓரமாகவே ஓடுகின்றன.

இதுவரை செய்ததிலேயே இதுதான் அழகு. கோபம் இவ்வளவு நன்றாக வேகும் என்று தெரியாது.

ஜனவரி 24, சனி

ஐயோ.

நாளை தாராவியில் சித்தப்பா மகள் பொன்செல்விக்கு வளைகாப்பு. மைனிக்கு வாடாமல்லி நிறத்தில் ஒரு பட்டு இருப்பதை நான் ஏன் நினைக்கவில்லை? தோட்டு டப்பாவைக் கேட்டாள், கொடுத்தேன், ஒரே பார்வையில் அந்த ஜோடியைத்தான் எடுத்தாள்.

"இது எனக்குன்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு."

ஆமாம் மைனி, உங்களுக்கென்றே செய்ததுதான். நான் பச்சையைக் காட்டினேன். மஞ்சளைக் காட்டினேன். கொக்கி சரியில்லை, காது புண்ணாகும் என்றேன்.

"எனக்கு எதுவும் புண்ணாவாது. ஏன் இப்பிடி மொகத்த வச்சிருக்க? தரமாட்டேன்னா சொல்லேன்."

அம்மா அடுக்களையிலிருந்து, "ஒரு தோட்டுக்கு என்னளா மைனிகிட்ட மல்லுக்கு நிக்க?" என்றாள்.

கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

தப்பித்தேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மண்டபத்தில் எண்பது பேராவது இருப்பார்கள். மைனி எல்லோரிடமும் போய்த் தோட்டைக் காட்டினாள். "எங்க மயிலு செஞ்சது, பாருங்க, நல்லா கிட்ட வந்து பாருங்க." பெரியம்மா ஒருத்தி காதைப் பிடித்து இழுத்து, கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, "என்னமோ எழுத்து கணக்கா இருக்கே" என்றாள். என் உயிர் கையிலிருந்த தட்டில் வந்து விழுந்தது. பிறகு "கண்ணாடி கொண்டாரல" என்று விட்டுவிட்டாள். அடுத்தது பொன்செல்வியின் தங்கை ஷர்மிளா. கூர்மையான கண், பத்தொன்பது வயது. மூக்கு உரசும் தூரத்தில் பார்த்துவிட்டு, "சூப்பர் பேட்டர்ன் பாபி" என்றாள். அண்ணி என்பதைக்கூட இந்தியில்தான் கூப்பிடுவாள்.

அப்போதுதான் புரிந்தது. பெரியவர்களுக்கு வெள்ளெழுத்து. சிறியவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் என் வாக்கியம் எண்பது பேரைத் தாண்டி, சாம்பார் சாதம் தின்று, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

ஏழு பேர் தோடு கேட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. காலையில் மைனி போனில் நேற்றைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் விரித்து விரித்து, பொட்டு கோணலா, பூ சரியா என்று. சட்டென்று பேச்சு நின்றது.

போனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எள்ளை இளநீர்க்காய் ஆக்கும் போன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. எழுந்து வந்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கே" என்றாள்.

என்ன தெரிந்திருக்கிறது? ஒன்றும் விளங்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். படத்தில் வலது தோடு முதலில் வந்தது: 'செம்பூரே தூங்கும்.' பிறகு இடது: 'மைனி ஓய்ந்தாள்.'

ள்.

ல் போட வேண்டிய இடத்தில் ள் போட்டிருக்கிறேன். மூட்டை மூட்டையாய்ப் புத்தகம் வாசித்த நான். மைனி வாய் மூடினால் ஊர் தூங்கும் என்று திட்டப் போய், ஊர் தூங்குகிறது, மைனி களைத்துப்போனாள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் இன்னும் என் தலையை விடவில்லை. நானும் விலகிக்கொள்ளவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

குர்லாவில் வண்டி மாறும்போது தனியாகச் சிரித்தேன். ஒருத்தி தள்ளி நின்றாள்.

சிரித்து முடித்த பிறகு வெட்கமாக இருந்தது.

ஜனவரி 29, வியாழன்

இரண்டு நாளாக மைனியைப் பார்க்கிறேன். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

ஐந்தரைக்குத் தண்ணீர் வரும்போது எழுந்திருக்கிறாள். அப்பாவின் டிபன், அண்ணனின் டிபன், என் டிபன். என் டிபனில் சட்னி தனி டப்பாவில் இருக்கும், சோற்றில் படக் கூடாது என்று நான் என்றோ ஒருநாள் சொன்னதற்காக. இந்தி தெரியாது. கீழே காய்காரரிடம் கையால் பேசுகிறாள். கேஸ் கொண்டு வந்தவரிடம் தமிழிலேயே, "படி ஏறி வந்தியளே, தண்ணி குடிக்கியளா" என்று கேட்டாள். அவர் ரசீதை நீட்டினார். நாள் முழுக்க அவள் பேச்சுக்கு யாரும் ஒரு வார்த்தை திருப்பித் தருவதில்லை, அம்மாவும் 'ம்' கொட்டுவதோடு சரி. சாயங்காலம் நான் வருகிறேன். நான் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

பிழையாக எழுதியதுதான் உண்மையாக இருந்திருக்கிறது. நான் தெரிந்து எழுதவில்லை, அதுதான் குத்துகிறது. பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் சட்னி தனி டப்பாவில் வருகிறது.

சொல்லிவிட்டால் இப்போதுதான் கிடைத்த மைனி போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவளுக்குக் கிடைத்தது நான் இல்லை.

ஜனவரி 31, சனி

சொல்லப் போகிறேன். நாளை. எழுதி வைத்தால்தான் செய்வேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சொன்னேன். அம்மா ரேஷனுக்குப் போன நேரம். மைனி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மைனி, அந்தத் தோட்டுல ஒரு பிழை இருக்கு. ள் இல்ல. ல்."

கத்தி நின்றது. உதடு மட்டும் அசைந்தது. தமிழ் படித்தவள், ஒரு நொடிதான் ஆனது.

"நான் ஓஞ்சா, செம்பூரே தூங்குமா?"

"ம்."

"அதையா நான் காதுல போட்டுக்கிட்டு எண்பது பேருகிட்ட கிட்ட வந்து பாருங்க, கிட்ட வந்து பாருங்கன்னேன்?"

"ம்."

மிச்ச வெங்காயம் முழுவதையும் நறுக்கினாள். கண்ணில் நீர் வந்தது, வெங்காயமா நானா என்று கேட்க முடியாது. நான் பேசினேன், வாழ்க்கையில் அவ்வளவு நான் பேசியதே இல்லை — கோவத்துல எழுதிட்டேன் மைனி, இப்பதான் ஒங்கள பாக்கேன், அந்தப் பிழை சொல்றதுதான் நிஜம், நான் சொன்னது இல்ல. அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 2, திங்கள்

பேசவில்லை. டிபன் மட்டும் வந்தது. சட்னி தனி டப்பாவில்தான். அதைப் பார்த்ததும் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறது. இருபது பக்கம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 5, வியாழன்

ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"ஒரு ஷீட்டு குடு. அந்த மெல்லிசு பேனாவும்."

"எதுக்கு மைனி?"

"ஒனக்கு மட்டும்தான் எழுதத் தெரியுமோ?"

வாசலில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஷூவோடு படி இறங்கிவிட்டேன். பாதிப் படியிலிருந்து ஏறி வந்தபோது அடுக்களையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஓவன் அவளுடையது. என்னை ஹாலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்பளக் கட்டுகள் என் மடியில்.

திடீரென்று, "ஏ மயிலு, ஓடியா, எல்லாம் சுருண்டு போச்சு, செத்துப் போச்சு" என்று அலறினாள்.

"தொறக்காதீங்க மைனி. அப்பிடித்தான் இருக்கும். ஒரு நிமிசம் பொறுங்க."

"நீ இங்கன வராத. அங்கேருந்தே சொல்லு."

அங்கிருந்தே சொன்னேன். ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னேன். இருவரும் சத்தமாக எண்ணினோம். முப்பத்தி நான்கில் அவள் குரல் மாறியது. "படுத்துட்டு. மயிலு, படுத்துட்டு. என்ன அழகா படுத்துட்டு பாரேன்." பிறகு, "நீ பாக்காத."

துளை போட நினைவிருந்ததா என்று கேட்டேன். "நான் ஒன்ன மாதிரியா" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கண்ணை மூடச் சொல்லி மைனியே என் காதில் மாட்டினாள். சாயங்காலம்வரை கழற்றக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. கண்ணாடியில் பார்த்தேன், மிளகாய்ப்பழ நிறத்தில் இரண்டு பிறை, ஓரத்தில் கறுப்பாய் ஒரு கொடி. வளைத்து வளைத்து எழுதியிருக்கிறாள். எனக்கென்று எழுதியது, என்னால் மட்டும் படிக்க முடியாத இடத்தில்.

நாள் முழுக்க இரண்டு காதும் சூடாக இருந்தன. மானசா அழகு என்றாள். மேனேஜர்கூட ஒருமுறை பார்த்தார்.

திரும்பும்போது லேடீஸ் பெட்டியில் ஒருவர் போனில் தமிழ் பேசிக்கொண்டு என் தோளோடு நெருங்கி நின்றார். ஆஸ்பத்திரி வேலை போல, பையில் வெள்ளைக் கோட்டு. பேசி முடித்து என் காதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைச் சுற்றி மறு காதையும் பார்த்தார். கூட்டத்தில் அதற்கு அவர் இரண்டு பேரை மிதிக்க வேண்டியிருந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யாரு எழுதினது?"

"எங்க மைனி."

"ஒங்களுக்கு வேணும்தான்" என்றார்.

போன் பையில்தான் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காட்கோபரில் அவர் இறங்கும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே நின்றோம். நான் கேட்கவில்லை.

மணி ஏழரை. கழற்றலாம் என்று மைனி சொல்லிவிட்டாள். இன்னும் கழற்றவில்லை.