அம்மா ஏறிய பிறகு அளந்த உயரம்

என் அருமை ரகு,

ஒரு கேள்வி. நீ உன் காருக்கென்று வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் விட்டுப் போன அந்த விறைப்பான ஸ்பிரிங்குகளை அம்மாவை நினைத்துத்தான் வாங்கினாயா? எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

"சஸ்பென்ஷனை மாத்திட்டு உன்னைத் திருப்பருத்திக்குன்றம் கூட்டிண்டு போறேம்மா" என்று நீ சொன்னதை அம்மா மறக்கவே இல்லை. அந்த ஊரில், தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை உன் சிவப்பு வண்டியில் போய்த்தான் பார்க்க வேண்டுமாம், ஆட்டோ வேண்டாமாம். முதுகெலும்பில் விரிசல் கண்ட எண்பது வயதுக்காரியை, தரையோடு தரையாகப் போகும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றுவதா? சரிப்படாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று இருந்தேன். உன்னிடம் மறைப்பானேன்?

மெக்கானிக் சலீம் உன் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, இத மாட்டிக்கினு ரேஸுக்குப் போலாம். காய்கறி வாங்கப் போனா பல்லு கழண்டுரும்."

நீ நம்பிய இணைய நிபுணர்களை நான் நம்பவில்லை. அவர்களில் யார் நம் தெருவில் ஓட்டியிருக்கிறார்கள்? முதலில் சக்கர இணைப்புகளில் இற்றுப்போன ரப்பர் புஷ்களை மாற்றச் சொன்னேன். பாதி உதறல் அதிலேயே போய்விட்டது. பிறகு இளக்கமான ஸ்பிரிங்குகள். உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஷாக் அப்சார்பர்கள். சலீம் நம் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தார். நான்கு சக்கரத்திலும் ஒரே உயரம். நானும் டேப் பிடித்துச் சரிபார்த்தேன். படித்தவள் அல்லவா!

அம்மாவுக்குப் பதிலாக உன் சிநேகிதன் பார்த்தாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனேன். முதல் வேகத்தடையிலேயே வண்டியின் வயிறு உரசியது.

"காலி வண்டியிலயா அளந்தேள்?" என்றான் பார்த்தா. "பெருமாளை ஏளப்பண்றதுக்கு முன்னாடி யாராவது தோள் உயரம் பாப்பாளா, அக்கா?"

பெருமாள் பல்லக்கில் எழுந்தருளிய பிறகுதான் அதைச் சுமக்கும் தண்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்து, குள்ளமானவன் தோளில் துணியை மடித்து வைப்பீர்களாம். அவனோடு நீயும் அத்தனை வருஷம் தோள் கொடுத்திருக்கிறாய். ஒரு நாளாவது நான் கேட்டிருக்கிறேனா?

அம்மாவின் எடைக்கு அரிசி மூட்டையை வைத்து மறுபடி அளக்கலாம் என்றேன்.

"என் எடைக்கு நான் இருக்கேன். அரிசி எதுக்குடி?" என்று கைத்தடியோடு வந்துவிட்டாள்.

பார்த்தா கையைப் பிடித்து அவளை உள்ளே உட்காரவைத்தான். நான் ஸ்டியரிங் முன்னால். எங்கள் பாரத்தோடு உயரத்தைத் திருத்த, சலீம் தரையில் படுத்து அளந்தார்.

"அம்மா, அசையாதீங்கமா."

"பெருமாள் மாதிரி உக்காந்திருக்கேன். நைவேத்யம் எங்கேப்பா?"

சலீம் சிரித்ததில் அளவு தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள், ரகு. நீ கண்ணை மூடிய பிறகு முதல்முறையாக.

நான் எளிதில் நன்றி சொல்பவள் இல்லை. இந்த வண்டிக்காக உன்னை எத்தனை திட்டியிருப்பேன்! நீயே வேலையை முடித்திருந்தால் அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பாதியில் விட்டுப் போனதற்கு நன்றி என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

நாளைக்கு அம்மாவோடு போகும் பயணம் எப்படி அமைந்தாலும் வண்டியை விற்க மாட்டேன். இது என் வாக்கு.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததை அப்படியே குறித்துவிடுகிறேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது; ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, சுவருக்கு அடித்திருக்கும் பச்சை நன்றாக இல்லை என்றாள். திரும்பும் வழியில், பந்தல்கால் நட்டு மூடாமல் விட்ட குழியில் இடது சக்கரம் இறங்கி ஏறியது.

"ரகு, மெதுவா!" என்று கத்தினாள்.

ஓரமாக நிறுத்தினேன். "வலிக்கறதாம்மா?"

"இல்லேடி."

கைத்தடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "அவன் பேரையா சொன்னேன்?"

"ஆமாம்மா."

"சரி. நீ ஓட்டு."

ஓட்டினேன்.

உன்னைத் திட்டியே வளர்த்த
உன் அக்கா